மறு: ‘பரம்பரை ஆட்சி’ சரியா? – ஒரு மாற்றுச் சொல் (பட்டமுறை ஆட்சி, குடிக்காணி)

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் நான் இன்றைக்குத்தான் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு எனக்குத் தொழில் இல்லை. அம்பாசமுத்திரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். நிலம், வாரிசு, பாத்தியதை என்ற சொற்களோடுதான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். டொராண்டோ அன்பர், தாம் மொழிபெயர்க்கும் கனடாப் பழங்குடிகள் பற்றிய சிறுநூலில் வரும் ‘ஹெரிடிடரி கவர்னன்ஸ்’ (வழிவழியாக வரும் தலைவர்களின் ஆட்சி), ‘அபாரிஜினல் டைட்டில்’ (பழங்குடிகளுக்குத் தங்கள் மண்ணில் உள்ள உரிமை) இரண்டுக்கும் சொல் கேட்டிருந்தார். அதற்கு வந்த முதல் பதில் இது:

> பரம்பரை ஆட்சி என்றே போட்டுவிடலாமே அண்ணாச்சி. யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். எங்கள் பக்கம் ‘பரம்பரை’ என்றதும் சிங்கம்பட்டி ஜமீன், எட்டயபுரம் அரண்மனை என்றுதான் மனசு போகும். இல்லாவிட்டால் அப்பா எம்.எல்.ஏ., அப்புறம் மகன் எம்.எல்.ஏ. என்று போகும். பத்திரத்தில் அந்தச் சொல் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் முடிவில் இந்த வரி இருக்கும்: ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்.’ மகன், பேரன் என்று வழிவழியாக வைத்துக்கொள்ளலாம். தானம் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். நம் ஊர் ஆவணத்தில் பாரம்பரியமும் விற்கிற உரிமையும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்தக் கனடாப் பழங்குடிகள் சொல்வதோ இதற்கு நேர் எதிர்.

சிறுநூலின் மையமாக இருக்கும் வழக்கையே எடுத்துக்கொள்வோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்கில் கிட்க்சான், வெட்சுவெட்டன் என்று இரண்டு மக்கள். அவர்களுடைய தலைவர்கள் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்காக 1984-ல் வழக்குப் போட்டார்கள். தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பு அது. வழக்குக்கு ‘டெல்கமூக்’ என்று பெயர். முதலில் படித்தபோது அது ஓர் ஆளின் பெயர் என்றே நினைத்தேன். அது ஒரு ‘வீட்டின்’ தலைமைப் பெயர். வீடு என்றால் நாம் சொல்கிற வகையறா மாதிரி, தாய்வழியில் வரும் ஒரு கூட்டம். ஒருவர் இறந்தால் அந்தப் பெயர் இன்னொருவர் மேல் ஏறும். 1997 டிசம்பர் 11 அன்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளில், வழக்குத் தொடங்கியபோது இருந்த டெல்கமூக் உயிரோடு இல்லை. ஆனாலும் வாதி டெல்கமூக்தான்.

பெயர் தானாகவும் ஏறாது. பெரிய விருந்து வைக்க வேண்டும். மற்ற வீட்டார் வந்து உட்கார வேண்டும். அந்த வீட்டுக்கு எந்த மலை, எந்த ஆறு, எந்த மீன்துறை என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். வந்தவர்கள் அதற்குச் சாட்சி. சாட்சியாக இருந்ததற்காக அவர்களுக்குப் பரிசு கொடுத்து அனுப்புவார்கள். நம் பத்திரத்தில் கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடிந்துவிடும். அங்கே விருந்துக்கு வந்த கூட்டம் முழுவதும் சாட்சி. இந்த விருந்தைத்தான் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. விருந்து நின்றால் பெயர் ஏறாது, பெயர் ஏறாவிட்டால் நிலத்துக்குப் பேச ஆள் கிடையாது.

விசாரணையில் ஒரு காட்சி. கிட்க்சான் மூதாட்டி ஒருவர், தம் வீட்டு நிலத்துக்குச் சான்றாக ஒரு பாட்டைப் பாட எழுந்தார். நீதிபதி, தமக்குப் பாட்டுக் கேட்கும் காது இல்லை, பாடிப் பயனில்லை என்று தடுக்கப் பார்த்தார். கோவில் கொடையில் வில்லுப்பாட்டுப் பாடும்போது சாமி எந்த மலை இறங்கி வந்தது, எந்த ஓடையில் தங்கியது, எந்த மரத்தடியில் நிலைகொண்டது என்று எல்லை சொல்லிப் பாடக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அம்மாள் என்ன செய்யப் பார்த்தார் என்பது விளங்கும். சர்வே எண் இல்லாத நான்குமால் (நான்கு எல்லை விவரம்) அது. 1991-ல் வழக்குத் தள்ளுபடி ஆனது. வாய்மொழி வரலாற்றுக்கும் உரிய எடை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் சொல்லி, மறு விசாரணைக்கு அனுப்பியது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை: பட்டமுறை ஆட்சி. தலைவருக்குப் பட்டமுறைத் தலைவர்.

‘பட்டம்’ நமக்குப் புதிதில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் (1986 வரை நாமெல்லாம் ஒரே ஜில்லாதான்) பரதவர் ஊர்களுக்குப் பட்டங்கட்டி என்று தலைவர் இருந்தார். அவர்களுக்கெல்லாம் மேலே சாதித்தலைவர். முத்துக்குளிப்பு நடக்கும்போது சாதித்தலைவருக்கென்று சில தோணிகளை ஒதுக்கிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. கடலுக்குப் பட்டா கிடையாது. இருந்தும் அதில் யாருக்கு என்ன முறை என்று தீர்த்துவைக்கப் பட்டம் ஏற்ற ஆள் இருந்தார். பட்டம் என்றால் ஒருவர் கட்ட வேண்டும், ஊர் பார்த்திருக்க வேண்டும். ரத்த உறவு மட்டும் போதாது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘பரம்பரை’யில் அது இல்லை.

‘ஆளுகை’ வேண்டாம், ‘ஆட்சி’யே இருக்கட்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அகராதிக்காரர்கள் கவர்னன்ஸ் வேறு, கவர்ன்மென்ட் வேறு என்று ஆளுகையைக் கொண்டுவந்தார்கள். சரிதான். ஆனால் பத்திரத்தில் ‘ஆண்டு அனுபவித்து’ என்கிறோம். ‘அந்த வயல் யார் ஆட்சியில் இருக்கு?’ என்று கேட்டால் யாரும் சட்டசபையை நினைப்பதில்லை. நிலத்தை வைத்திருப்பதும் ஆட்சி, ஊரை நடத்துவதும் ஆட்சி. இங்கிலீஷில் எழுதும்போது ‘நில உரிமை’, ‘ஆட்சிமுறை’ என்று இரண்டு அத்தியாயமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. கிட்க்சான் தலைவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் கேட்டார்கள். தமிழில் ஒரே சொல் தயாராக இருக்கும்போது அதை எதற்கு விட வேண்டும்?

இரண்டாவது சொல், டைட்டில். ‘பட்டா’ கூடாது, அது வருவாய்த் துறை கொடுப்பது. இந்த உரிமையோ அரசு வருவதற்கு முன்பே அங்கே இருந்ததால் வந்தது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. ‘பாத்தியதை’யை நான் வெகுநேரம் யோசித்தேன். எங்கள் ஊர்க் கோவில் வாசலில், சாவடிச் சுவரில் எல்லாம் ‘இன்ன சமுதாயத்துக்குப் பாத்தியப்பட்டது’ என்று எழுதியிருக்கும். கூட்டு உரிமைக்கு இதைவிடத் தெளிவான வாசகம் இல்லை. ஆனால் அது விற்கக்கூடிய சொத்துக்கும் அதே அளவு பொருந்துகிற சொல். அந்த மக்களின் டைட்டிலை அரசுக்கு விட்டுக்கொடுக்கலாமே தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது. வருங்காலப் பிள்ளைகளுக்கு அந்த மண் பயன்படாமல் போகும்படி பாழாக்கவும் முடியாது.

அதனால் ‘குடிக்காணி’ என்று சொல்கிறேன். காணி என்றால் வழிவழியாக வந்த நில உரிமை. கல்வெட்டில் இருக்கிறது, காணியாட்சி என்று ஆட்சியோடு சேர்ந்தே இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறைக் காட்டில் இருக்கும் பழங்குடிகளின் பெயரே காணிக்காரர்.

ஒரு காணிக்காரப் பெரியவர் மனு எழுத என் மேசைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். படிவத்தில் ‘பதவி’ என்ற கட்டத்தில் மூட்டுக்காணி என்று எழுதச் சொன்னார். அவர்கள் குடியிருப்புத் தலைவருக்கு அதுதான் பெயர். எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அதே தாளோடு திரும்பி வந்தார். அலுவலகத்தில் அந்தச் சொல்லின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. ‘சங்கத் தலைவரா, செயலாளரா? இரண்டில் ஒன்று எழுது’ என்று சொன்னார்களாம். அவர் சண்டை போடவில்லை. ‘தலைவர்னே எழுதுங்க’ என்றார். எழுதிவிட்டேன். அன்றைக்கு அப்படி எழுதினேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. இந்த இழையில் நான் இவ்வளவு நீட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கனடாவில் நடந்ததும் அந்தச் சிவப்புக் கோடுதான், பெரிய அளவில். 1876 சட்டப்படி ஒதுக்கிடங்களுக்கு (பழங்குடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலங்கள்) தேர்தல் வைத்துக் குழுக்களை உண்டாக்கினார்கள். அரசு அந்தக் குழுக்களோடுதான் பேசும். 670 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய்க்கு வழிநெடுக இருந்த 20 குழுக்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டன. வேலையும் வருமானமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். வெட்சுவெட்டன் பட்டமுறைத் தலைவர்கள், ஒதுக்கிடத்துக்கு வெளியே இருக்கும் நிலம் எங்கள் வீடுகளுக்கு உரியது, நாங்கள் சம்மதிக்கவில்லை என்றார்கள். 2020 தொடக்கத்தில் கைதுகள், நாடெங்கும் ரயில் மறியல். இதைப் ‘பரம்பரைத் தலைவர்கள் எதிர்ப்பு’ என்று தமிழில் எழுதினால், படிப்பவர் ஜனநாயகத்தை ஜமீன்தார்கள் தடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். சொல் பிசகினால் நியாயமே தலைகீழாகிவிடுகிறது.

நம் மலைக்கு அந்தப் பக்கமும் இதே முடிச்சு விழுந்தது. கேரளத்துக் காணிக்காரர் சிலர் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைப் பற்றி 1987-ல் விஞ்ஞானிகளுக்குச் சொன்னார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத்தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம், அதில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாகி 1997-ல் ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க இதைப் பாராட்டினார்கள். ஆனால் மருந்தறிவுக்கு உரியவர்களான பிலாத்திகள் சிலர், எங்களைக் கேட்காமல் சொன்னது தப்பு என்றார்கள். சமுதாயப் பொருளாதார மேம்பாடு என்று சிறுநூலின் நான்காம் அத்தியாயத்தில் வருகிறதே, அதற்குப் புதுச் சொல் தேவையில்லை, அப்படியே இருக்கட்டும். அந்த அத்தியாயத்தில் ‘யார் கையெழுத்துப் போடுவது’ என்ற கேள்வி தெளிவாக நின்றால் போதும்.

அன்புடன்,
அம்பையிலிருந்து

*

(மறுநாள்)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> பட்டம் என்றால் இப்போது பி.ஏ. பட்டம்தான். அதுவுமில்லாமல் ஜமீன்தாரும் ‘பட்டத்துக்கு வந்தார்’ என்றுதான் சொல்கிறோம். பரம்பரைக்கு நீங்கள் சொன்ன குறை இதற்கும் உண்டே?

கல்லூரிப் பட்டத்தோடு குழப்பம் வராது. ‘பட்டமுறை’ என்று சேர்த்துச் சொல்லும்போது விலகிவிடுகிறது. (‘பட்டவழி’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். பட்ட மரம் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.) ஜமீன் விஷயம் கனமானது. பாளையக்காரருக்குக் காவல் என்ற கடமை இருந்தது. 1801-க்கு அப்புறம் கும்பினியார் காவலைப் பிடுங்கிக்கொண்டு, நிலத்தை மட்டும் சொத்தாக்கிக் கையில் கொடுத்தார்கள். பட்டம் இருந்தது, முறை போய்விட்டது. அதனால்தான் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலைக் காட்டில் 8,000 ஏக்கருக்கு மேல் 99 வருஷக் குத்தகைக்கு விட முடிந்தது. டெல்கமூக் பெயரைத் தாங்கியவர் அப்படி விட முடியாது. ‘முறை’ அந்தச் சொல்லில் கட்டாயம் நிற்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

> எங்களுக்குக் காணி என்றால் வெறும் நிலத்துண்டு. காணி உறுதி என்றால் நிலப்பத்திரம். குடிக்காணி என்று போட்டால் வீடு கட்டுகிற காணி என்றுதான் இங்கே ஈழத்தமிழர் வாசிப்பினம்.

இதை நான் யோசிக்கவே இல்லை. நூலைப் படிக்கப்போகிறவர்களே அவர்கள்தான். சரி, குடியை எடுத்துவிடுவோம். ‘தொல்காணி’ என்றால்? பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1846-க்கு முன்பே அந்த மண்ணைத் தனியுரிமையோடு வைத்திருந்தார்களா என்றுதான் நீதிமன்றம் பார்க்கிறது. அந்த ஆண்டில்தான் பிரிட்டனின் இறையாண்மை அங்கே உறுதியானது. ‘தொல்’ அந்தப் பொருளை நன்றாகத் தாங்கும்.

> ஐயா, எங்கள் தாத்தா ஸ்ரீவைகுண்டம் பக்கம் உழுத வயலில் அவருக்குக் காணி கிடையாது. காணியாட்சி வைத்திருந்தவர்கள் வேறு, உழுதவர்கள் வேறு. எங்களைச் சேற்றில் நிறுத்திய சொல்லை மண்ணின் மக்களுடைய உரிமைக்குப் பெயராக வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இந்த மடலை நான்கைந்து முறை படித்தேன். நீங்கள் சொல்வது உண்மை, தம்பி. தாமிரபரணிப் பாசனத்தில் காணி என்பது மிராசு. பங்கு பங்காகப் பிரித்தார்கள், விற்றார்கள், வாங்கினார்கள். உழுதவருக்கு அதில் இடமில்லை. நான் எழுதிய பழைய பத்திரங்களிலும் அவர்கள் பெயர் வராது. மலையில் அதே சொல் ஒரு மக்களின் பெயராக இருக்கிறது என்பது என் பக்கத்து நியாயம். 2006 வன உரிமைச் சட்டத்திலும் உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். காணிக்காரருக்கு அந்தக் காட்டில் இருப்பது அந்த வகை உரிமை, வயல்காட்டு மிராசு இல்லை. ஆனாலும் உங்கள் வலியை இந்த விளக்கம் ஆற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

அதனால் ‘பட்டமுறை ஆட்சி’, ‘பட்டமுறைத் தலைவர்’ இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். (தலைவர் என்றே இருக்கட்டும். அங்கே பெண்களும் அந்தப் பெயர்களை ஏற்கிறார்கள்.) ‘தொல்காணி’யை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மனு எழுத வந்த அந்தப் பெரியவர் அடுத்த வாரம் கீழே இறங்கி வருகிறார். உங்கள் பெயரை எங்கோ இருக்கிற மக்களின் உரிமைக்கு வைக்கப் பார்க்கிறோம், சம்மதமா என்று அவரிடம் கேட்கிறேன். வயல்காட்டுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுகிறேன்.