ஒரே நாளில் ரெட்வுட் காடும் கடலும்: மியூர் வுட்ஸா, ஃபெல்டனா?

வைகைக்கரை:
ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது சான் ஃபிரான்சிஸ்கோவில். ஜூலையில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் எனக்கு முழுதாகக் கிடைக்கிறது. அன்றைக்கே ரெட்வுட் மரங்களையும் பசிபிக் கடலையும் காட்டிவிட ஆசை. அப்பாவுக்கு வயது 71, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. வளைவு ரோடும் ஆகாது, கொடைக்கானல் போனாலே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் வருவார். வடக்கே மியூர் வுட்ஸ் போகலாமா, தெற்கே சான்ட்டா குரூஸ் பக்கம் போகலாமா?

மலைப்பாதை:
மியூர் வுட்ஸ்தான். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி 11 மைல் போனால் காட்டு வாசல். உள்ளே பலகை பாவிய நடைபாதை, ஏற்ற இறக்கம் கிடையாது. அம்மா இரண்டாவது பாலம் வரை போய்த் திரும்பினால் அரை மணி நேரம்தான் ஆகும். அங்கே உயரமான மரம் 258 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரிய மரங்களில் பலவற்றுக்கு 600 முதல் 800 வயது.

அந்த இடம் பிழைத்த கதையையும் சொல்லுங்கள். வில்லியம் கென்ட் என்ற செல்வந்தரும் மனைவி எலிசபெத்தும் 1905-ல் 45,000 டாலர் கொடுத்து 611 ஏக்கரை வாங்கினார்கள். அப்புறம் ஒரு தண்ணீர் கம்பெனி, ஓடையை மறித்து அணை கட்ட அந்த நிலத்தைக் கையகப்படுத்தப் பார்த்தது. கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்குத் தானமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். 1908 ஜனவரியில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசியச் சின்னமாக, அதாவது அரசு காக்கும் இடமாக அறிவித்தார். தன் பெயர் வேண்டாம், இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் பெயரை வையுங்கள் என்று கேட்டவரும் கென்ட்தான். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே நடப்பது வேறு அனுபவம்.

நெய்தல்:
கதை நல்ல கதைதான். ஆனால் கேட்டவர் வயதான அம்மாவோடு போகிறார், அதற்குப் பதில் சொல்லுங்கள். 2018 முதல் அங்கே காரை நிறுத்த முன்பதிவு கட்டாயம். ஜூலை சனிக்கிழமை என்றால் விருப்பப்பட்ட நேரம் கிடைப்பது கஷ்டம். பெரியவர்களுக்குத் தலைக்கு 15 டாலர், பார்க்கிங் தனி. தேசியப் பூங்காக்களுக்கான மூத்தோர் பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான், விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடையாது.

அந்த ரோட்டைப் பற்றி ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை? நெடுஞ்சாலையை விட்டு மலையேறியதிலிருந்து காட்டு வாசல் வரை கொண்டை ஊசி மாதிரித் திருப்பங்கள். என் மாமியாரை அழைத்துப் போனபோது இரண்டு இடத்தில் ஓரம் கட்டினோம். காட்டுக்குள் அவர் ஒரு மரத்தையும் பார்க்கவில்லை, பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அன்று எனக்கு மனசே சரியில்லை.

தெற்கே, சான்ட்டா குரூஸ் பக்கத்து ஃபெல்டனில் ஹென்றி கோவெல் பூங்கா இருக்கிறது. காருக்கு 10 டாலர், அவ்வளவுதான். பழைய மரங்களைச் சுற்றி வரும் பாதை 0.8 மைல், சமதரை. உயரமான மரம் 277 அடி, மியூர் வுட்ஸை விட அதிகம். அடியில் குடைந்து கிடக்கும் ஒரு மரத்துக்குள் நாலைந்து பேர் நிற்கலாம். பச்சையமே இல்லாமல் வெள்ளை இலையோடு தாய் மரத்தின் உணவில் வாழும் ரெட்வுட் கன்றுகளும் அந்தப் பூங்காவில் உண்டு.

மலைப்பாதை:
ரோடு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபெல்டனுக்கு எப்படிப் போவார்கள்? 17-ஆம் நெடுஞ்சாலை மட்டும் நேர்கோடா? அதுவும் மலை ரோடுதான், போதாக்குறைக்கு எல்லாரும் விரட்டிக்கொண்டு வருவார்கள். போக வர ஏறக்குறைய 150 மைல். முழங்கால் வலிக்காரர் மடக்கிய காலோடு எத்தனை மணி நேரம் உட்காருவார்? மியூர் வுட்ஸிலிருந்து கடல் மூன்றே மைல். கடலுக்கு மேலே உள்ள பார்வைமேடையில் இரண்டாம் உலகப் போரில் கடலைக் கண்காணிக்கத் தோண்டிய பதுங்கு குழிகள் இன்னும் இருக்கின்றன. அப்பா விரும்பிப் பார்ப்பார்.

நெய்தல்:
17 வேண்டாம். ஹாஃப் மூன் பே வழியாக 1-ஆம் எண் சாலையில் கடலோரமாகவே இறங்கட்டும். டெவில்ஸ் ஸ்லைடு என்ற பயங்கரமான பகுதிக்கு 2013-ல் சுரங்கப்பாதை வந்துவிட்டது. அதற்குத் தெற்கே பெரிய வளைவுகள் குறைவு. வழி நெடுகக் கடற்கரைதான், அரை மணிக்கு ஒரு தடவை இறங்கிக் காலை நீட்டலாம். அந்தப் பயணமே கடல் பார்ப்பதுதானே!

வேர்:
இடையில் ஒரு வார்த்தை. சிலர் ரெட்வுட்டைச் செம்மரம் என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் செம்மரம் என்றால் ஆந்திர மலைகளில் வெட்டிக் கடத்துகிறார்களே, அந்த மரம். இது ஊசியிலை மரம், இரண்டுக்கும் உறவே இல்லை. ரெட்வுட் என்றே எழுதுவோம்.

காட்டையும் கடலையும் இரண்டு தனி ஐட்டங்களாகக் கணக்குப் போடுகிறீர்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. கலிபோர்னியாவில் கோடையில் மழை கிடையாது. குளிர்ந்த கடலிலிருந்து எழும் மூடுபனி பள்ளத்தாக்கில் ஏறி இலைகளில் ஒட்டிச் சொட்டுகிறது. மரத்துக்கு ஆண்டில் கிடைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குவரை இப்படி வருவதுண்டு. அதனால்தான் இந்த மரம் கடலோரப் பட்டையை விட்டு உள்ளே போவதில்லை. இவ்வளவு உயர மரத்துக்கு வேர் 10, 13 அடி ஆழம்தான். பக்கவாட்டில் பரவிப் பக்கத்து மரத்து வேரோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. எங்கே போனாலும் பாதையை விட்டு இறங்கி வேர்மேல் மிதிக்க வேண்டாம்.

ஜூலை என்பதால் வெயில் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.

நெய்தல்:
வேர் சொல்வது எனக்குப் புதுசு, நன்றி. கடல் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். இது ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் இல்லை. தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஒரு பெரிய அலை வந்து ஆளை இழுத்துவிடும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்க விடாதீர்கள்.

மலைப்பாதை:
இதில் எனக்கும் மறுப்பு இல்லை. மியூர் வுட்ஸ் கூட்டம் பற்றி மட்டும் ஒன்று. முன்பதிவு வந்த பிறகுதான் ரோட்டோரம் மைல் கணக்கில் கார்கள் நிற்பது நின்றது. அந்த ஓடையில் கோஹோ சால்மன் மீன் முட்டையிட வருகிறது. அதைக் காப்பாற்ற இந்தச் சிரமத்தை நாம் பட்டால் என்ன?

வைகைக்கரை:
போய் வந்துவிட்டோம். அம்மாவை நினைத்து ஹாஃப் மூன் பே வழியாக ஃபெல்டன். வாந்தி இல்லை, எலுமிச்சம்பழம் பையிலேயே இருந்தது. கடற்கரையில் ஒரே மூடுபனி, பத்தடிக்கு அப்பால் அலைச் சத்தம்தான். அம்மா விரலை நனைத்துவிட்டு உடனே பின்னால் வந்துவிட்டார். பூங்காவில் அவர் ஒரு மரத்துப் பட்டையில் உள்ளங்கையை வைத்து, தேங்காய் நார் மாதிரி இருக்கிறதே என்றார். அப்புறம் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. மழை இல்லையம்மா, காலையில் பார்த்த கடல்தான் என்றேன். நம்பவில்லை.

மலைப்பாதை சாருக்கு ஒரு கேள்வி. கென்ட் கதையைக் காரில் சொன்னேன். அப்பா அந்த இடத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். அம்மா வீட்டில் இருப்பார். செவ்வாய்க்கிழமை பாதி நாள் லீவு போடலாம். எந்த நேரத்துக்குப் பதிவு செய்யட்டும்?

மலைப்பாதை:
காலை 8 மணிக்குத் திறக்கும், முதல் நேரத்தையே எடுங்கள். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது, டிக்கெட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துவிடுங்கள். காட்டுக்குள் கதீட்ரல் குரோவ் என்ற மரத்தோப்பு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பத்து நிமிடம் அப்பாவோடு சும்மா உட்காருங்கள்.