கண்மாய்ச் சரணாலயத்தில் தன்னார்வலர் கொட்டகையும் சீமைக்கருவேல் அகற்றலும்: எதை முதலில் செய்வது?

கேள்வி (சாயல்குடி)
அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்த இருபது பேர் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். 1998இல் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 593 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் கண்மாயின் உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெளியூர் மாணவர்கள் வந்து தங்கி வேலை செய்யக் கரையோரம் ஒரு கொட்டகையும் கழிப்பறையும் கட்டிக்கொண்டு, தை மாதத்திலேயே இயந்திரம் வைத்து முழுவதையும் அகற்றிவிடலாம் என்று எண்ணுகிறோம். முன்பு இத்தகைய பணியில் ஈடுபட்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (முதுகுளத்தூர்)
தை மாதம் வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகிய பிறகு வந்து கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் தையும் மாசியும் குஞ்சு வளர்க்கும் காலம். நாட்டுக்கருவேல் குறைந்துவிட்ட இடங்களில் அவை சீமைக்கருவேலின் மீதும் கூடு கட்டுகின்றன. ஒரு மாசி மாத உச்சிவெயிலில், அப்படியொரு மரத்தில் தாய் நாரை இரு சிறகையும் குடைபோல் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நின்றதை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அந்த மரத்தையும் ‘அகற்ற வேண்டியவை’ பட்டியலில் சேர்த்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

எனவே குஞ்சுகள் பறந்த பின், சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் பணியைத் தொடங்குங்கள். கூடு இருந்த மரங்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிடுங்கள். உள்வாயில் மண்திட்டுகள் அமைத்து, வெள்ளம் தாங்கி நிற்கக்கூடிய நாட்டுக்கருவேலை நட்டு, அது கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகே அவற்றில் கை வைக்க வேண்டும். மற்றவற்றை வெறுமனே வெட்டினால் போதாது. தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு ஒரு தூரிலிருந்து ஐந்தாறு தளிர்கள் கிளம்பிவிடும். ஆடு மாடுகள் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்புவதால், நாற்றுப் பிடுங்கும் வேலை ஆண்டுதோறும் தொடரும்; தன்னார்வலர்கள் உண்மையில் தேவைப்படுவது அதற்குத்தான்.

இவை எதற்கும் முன்னால் அனுமதி முக்கியம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் வாழிடத்தை மாற்றும் பணிகளுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

மறுமொழி 2 (ராமநாதபுரம்)
கொட்டகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதைக் கரையில் கட்டாதீர்கள். ஊருக்குள் பயன்பாடின்றிக் கிடக்கும் கட்டடம் ஏதேனும் இருந்தால் ஊராட்சியிடம் கேட்டுச் செப்பனிட்டுக்கொள்வது நல்லது. விளக்கு வெளிச்சமும் பேச்சொலியும் பறவைகள் அடையும் மரங்களை எட்டாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும் இடத்தில் குழிக் கழிப்பறை கண்மாயையே கெடுக்கும். தரைக்கு மேலே தொட்டி எழுப்பி, சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மீது சாம்பல் தூவி உலரவிடும் கழிப்பறை பொருத்தமாக இருக்கும். பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை கட்டாயம் வேண்டும். நான் சென்ற ஒரு முகாமில் அது இல்லாததால் மாணவிகள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்தார்கள். நம் பகுதி நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு என்பதால், கூரை மழைநீரைச் சேர்க்கும் தொட்டியை முதலில் கட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. பணியைச் சித்திரைக்குத் தள்ளி வைக்கிறோம். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்களை எப்படி உடன் அழைத்துச் செல்வது?

மறுமொழி 3 (கடலாடி)
நான் கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயி. அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்த வேலையும் நடக்காது. எது வேரோடு வரும், எது மீண்டும் துளிர்க்கும் என்று மரத்தைப் பார்த்தவுடனே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். சரணாலயத்துக்கு வெளியே, கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலை உரிய அனுமதியோடு அவர்களே வெட்டி எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அவர்களுக்கும் பிழைப்பு, கண்மாய்க்கும் தண்ணீர். நீர் நிறையாத ஆண்டில் எத்தனை திட்டு அமைத்தாலும் நாரை தங்குவதில்லை. மடையை எப்போது திறப்பது, குஞ்சுகள் பறக்கும்வரை எவ்வளவு தண்ணீரை நிறுத்தி வைப்பது என்பதையும் நெல் நட்டவர்களிடம் புரட்டாசிக்குள் பேசி முடித்துவிடுங்கள். ஆடி பிறந்ததும் எங்கள் ஊரிலிருந்து பத்துப் பேர் மண்வெட்டியோடு வரத்துக்கால் வேலைக்கு வருகிறோம்.