டாஸ்க்பாரில் ஐகான்கள் வெள்ளையாகிவிட்டன, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் கணினியை விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாற்றினேன். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. டாஸ்க்பாரில்தான் சிக்கல்.

ஐகான்கள் நடுவில் வந்து நின்றன. செட்டிங்ஸில் போய் இடப்பக்கம் கொண்டுவந்துவிட்டேன், அது சரி. ஒரே செயலியின் ஜன்னல்கள் ஒன்றாகச் சேர்வதையும் அங்கேயே நிறுத்தியாயிற்று.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். வேலைக்கான நான்கு ஃபோல்டர்களுக்குத் தனித்தனி ஷார்ட்கட் செய்து, கணக்குக்குப் பச்சை, படங்களுக்கு நீலம் என்று ஐகான் வைத்து டாஸ்க்பாரில் பின் (pin) செய்திருந்தேன். இப்போது நான்குமே ஓரம் மடிந்த வெள்ளைத் தாளாகத் தெரிகின்றன. கிளிக் செய்தால் சரியான ஃபோல்டர்தான் திறக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்தியபடி வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ஐகானை மாற்றியும் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி வெள்ளை! நிறத்தைப் பார்த்தே கை போய்ப் பழகிவிட்டது. இப்போது ஒவ்வொன்றின் மேலும் மவுஸை வைத்துப் பெயரைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஐகான் கேஷ் கோப்பை, அதாவது விண்டோஸ் ஐகான் படங்களைச் சேமித்து வைக்கும் கோப்பை, அழித்தால் சரியாகுமா? அதற்கு முன் நான்கையும் டாஸ்க்பாரிலிருந்து நீக்க (unpin) வேண்டுமா, அப்படியே விடலாமா? செய்து பார்த்தவர்கள் வரிசையாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். அப்புறம், ஐகான் படங்களை எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.