பிளவ் லேனில் பாங்கர் கார் ஓட்டம் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சுன்னாகத்தான்

எழுபதுகளில் தென்மேற்கு லண்டனில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி. விம்பிள்டன் என்றதும் ரெனிஸை நினைக்க வேண்டாம். பிளவ் லேனில் 1928இல் கட்டிய நாய் ஓட்டத் திடல் ஒன்று இருந்ததே, அதைச் சொல்கிறேன். அங்கே பாங்கர் கார் ஓட்டம், அதாவது ஓட்டைக் கார்களை இடித்து இடித்து ஓடுகிற பந்தயம், பார்த்த தமிழ் ஆக்கள் யாராவது இருக்கிறீர்களா? போன கிழமை பேரனுக்கு அந்த இடத்தைக் காட்டப் போனேன். கால்பந்துத் திடலும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. "இங்கேயா கார் இடித்தீர்கள்?" என்று ஒரு பார்வை பார்த்தான். சாட்சிக்கு ஒரு ஆளாவது வேண்டும்.

நான் வந்தது 1973இல். பகலில் படிப்பு, பின்னேரம் கறட் லேன் பக்கம் ஒரு கராஜில் எடுபிடி வேலை. விம்பிள்டன் பிள்ளையார் கோயில்கூட 1981இல்தான் வந்தது; அதற்கு முன் எங்கள் முகம் ஒன்றைக் காண்பதே அரிது. கராஜில் வெல்டிங் செய்த வெள்ளைக்காரர் ஒருவர், தலை நரைத்தவர், ஒரு நாள் "பாங்கர் பார்க்க வருகிறாயா?" என்று கேட்டார். பாங்கர் என்றால் சொசேஜ் என்று யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். பட்டாசுக்கும் அதே பெயர். சாப்பாடோ வாணவேடிக்கையோ என்று நினைத்துக்கொண்டு போனேன். புகைக்குழாயில் படார் படார் என்று வெடிக்கிற ஓட்டைக் காருக்கும் அதுதான் பெயர் என்பது உள்ளே போன பிறகுதான் விளங்கியது.

போய் இருந்தால், கண்முன்னே முப்பது கார். எல்லாம் ஊரில் தடவித் தடவி வைத்திருக்கிற சாதி. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், போர்ட் செபிர், ஹம்பர், பெரிய ஜாகுவார்கூட. கண்ணாடி ஒன்றுமில்லை, கூரையில் இலக்கம், உடம்பெல்லாம் வீட்டுக்கு அடிக்கிற பெயின்ற். கொடி விழுந்தது. முதல் வளைவிலேயே ஒரு வெஸ்ட்மினிஸ்ரர் ஒரு கேம்பிரிட்ஜின் பின்பக்கத்தில் ஏறி அதைக் கம்பி வேலிக்குள் செருகியது. சனம் எழும்பி நின்று கத்துகிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கேம்பிரிட்ஜ் எங்கள் ஐயாவின் வாடகைக் கார் போலவே சாம்பல் நிறம்.

அடுத்த போட்டிக்கும் போனேன். அதற்கு அடுத்ததுக்கும் போனேன். பிறகு பார்வையாளர் பக்கம் இருக்கவே இல்லை.

மிச்சம்பெடியன்

அண்ணை, நான் உங்களுக்குப் பிந்தின ஆள். தொண்ணூறுகளில் அப்பா பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை முடித்துவிட்டு என்னைக் கூட்டிப்போவார். அப்போது கோர்ட்டினா, கிறனாடா, வொல்வோ. கரவனை இழுத்துக்கொண்டு ஓடுகிற போட்டி ஒன்று வைப்பார்கள், முடிவில் திடல் முழுக்க பலகையும் பஞ்சும்தான்! கடைசியாக 2017 மார்ச்சில் மூடும்போதும் போனேன். எல்லோரும் அழுதார்கள் என்று எழுத ஆசை, ஆனால் பெரும்பாலானோர் சிப்ஸ் வரிசையில் நின்றார்கள்.

ஆரம்பத்தில் இதை யார் நடத்தினார்கள், இவ்வளவு கார் எங்கிருந்து வந்தது? இப்போது ஓட்டைக் கார் ஒன்றைத் தேடினாலும் நல்ல விலை சொல்கிறார்களே.

சுன்னாகத்தான்

தம்பி, ஆள் கிடைத்தது சந்தோசம்.

இதற்குத் தாய் ஸ்ரொக் கார் ஓட்டம். இங்கிலாந்தில் முதலாவது போட்டி 1954 பெரிய வெள்ளியன்று நியூ குறோஸ் ஸ்ரேடியத்தில் நடந்தது. தொடங்கும்போது அதுவும் பழைய கார்தான். போகப் போக, பந்தயத்துக்கென்றே கூடு கட்டி எஞ்சின் முறுக்கி, சாதாரண வேலைக்காரன் கைவைக்க முடியாத விலைக்குப் போய்விட்டது. அறுபதுகளில் பாங்கர் வந்தது அந்த இடைவெளியில்தான். விம்பிள்டனில் ஸ்பீட்வேர்த் என்ற நிறுவனம் நடத்தியது.

கார் வந்த வழி அரசாங்கம் போட்டுக்கொடுத்தது. கார் வீதியில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற எம்.ஓ.ரி. சோதனையை 1960இல் கொண்டுவந்தார்கள். முதலில் பத்து வயது தாண்டிய காருக்கு மட்டும். 1967இல் மூன்று வயதாக்கினார்கள். பனிக்கு உப்புப் போடுகிற இந்த நாட்டு வீதியில் ஓடின காரின் அடித்தகடு துருப்பிடித்துக் கையோடு வரும். ஒட்டுப்போடுகிற கூலி காரின் விலையை விட அதிகம். அதனால் சோதனையில் விழுந்த கார் கராஜ் வாசலிலேயே கிடக்கும். சொந்தக்காரர் "யாராவது கொண்டுபோனால் போதும்" என்பார். வெல்டிங்காரர் ஐந்து பவுணைக் கையில் வைப்பார். சில நாள் அதுவுமில்லை.

பிறகு வேலை. நான் கண்ட சந்தோசம் முழுக்க அங்கேதான். கண்ணாடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உடைத்தால் தூள் கூட்டுகிற வேலையும் உனக்குத்தான். லைற், சீற், கதவுத் தோல், குரோம் எல்லாம் வெளியே. கதவுகளை வெல்டு வைக்கலாம், சங்கிலியாலும் கட்டலாம். பின்னாலிருக்கிற பெற்றோல் ராங்கை எடுத்து எறிந்துவிட்டு, கார் உள்ளே ஒரு சின்னத் தகரம். பற்றரியும் உள்ளே வந்துவிடும், அதை இறுக்கிக் கட்டாவிட்டால் உருண்டு வந்து முதுகில் அடிக்கும். சாரதி பக்கக் கதவை வேண்டுமென்று இடிக்கக்கூடாது. மற்றபடி எங்கேயும் இடிக்கலாம். கடைசியில் டெர்பி என்று ஒன்று: ஆளை ஆள் இடித்து, அசைகிற கடைசிக் கார் வெல்லும். அதற்கு வெல்டிங்காரர் பின்னோக்கியே ஓட்டுவார். முன்னால் இடித்தால் ரேடியேற்றர் போகும், ரேடியேற்றர் போனால் நாலு நிமிடத்தில் எஞ்சின் இறுகும். பின்பெட்டிதானே, நசியட்டும். கழுத்தைத் திருப்பித் திருப்பி அடுத்த நாள் முழுக்க அவரால் குனிய முடியாது. திங்கட்கிழமை வெல்டிங் எல்லாம் என் தலையில்.

பரிசுப் பணம் பெற்றோலுக்கே காணாது. ஒரு கோப்பை கிடைத்தது, அதில் ஆணி போட்டு வைத்திருந்தார்.

இந்தக் காலம் முடிந்ததற்குக் காரணம் பல. பழைய இரும்பு விலை ஏறியது. 2009இல் பத்து வயதுக் காரைக் கொடுத்துப் புதுக் கார் வாங்கினால் 2,000 பவுண் விலைக் கழிவு என்று ஒரு திட்டம் வந்தது, பாங்கராகியிருக்க வேண்டிய எத்தனையோ கார் நேரே நசுக்கு இயந்திரத்துக்குப் போயின. கேம்பிரிட்ஜ் போன்றவை மிஞ்சினது கொஞ்சம், அவற்றைப் பாதுகாக்கிற ஆக்கள் இடிக்கிறவர்களைக் கண்டால் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழுதாய் விளையாட்டு சாகவில்லை, இப்ஸ்விச் பக்கம் ஃபொக்ஸ்ஹோலுக்குப் போனால் பார்க்கலாம். ஆனால் இப்போது லொறியில் ஏற்றிக்கொண்டு அணி அணியாக வருகிறார்கள். கராஜ் வாசலில் கிடந்ததை எடுத்து ஓடுகிற கதை அதில் இல்லை.

ஈஸ்வரி_சமர்ஸ்ரவுன்

நாங்கள் இரண்டு தெரு தள்ளி இருந்தோம். போட்டி நாளில் வெளியே உடுப்புக் காயப்போட முடியாது, ரயர் எரிந்த மணம். உங்களுக்கு நினைவு, எங்களுக்குத் தலையிடி. ஆனாலும் என் மகன் மதிலில் ஏறி நின்று பார்ப்பான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

யாழ்மெக்கானிக்

ஐயா, கோபிக்க வேண்டாம். வாசிக்க மனம் பொறுக்கவில்லை. எழுபதுகளில் இங்கே இலங்கையில் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, ஒரு கதவுக் கைபிடிக்கு எங்கள் அப்பு கொழும்புக்கு ரெயின் ஏறிப் போவார். 1990க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் வரவில்லை. சோடாப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாய் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். புகை கண்ணைக் கரிக்கும். அதே கேம்பிரிட்ஜ்தான். நீங்கள் அதை இடித்து விளையாடியிருக்கிறீர்கள்.

சுன்னாகத்தான்

தம்பி, கோபமில்லை. இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பாங்கருக்குக் கழற்றுகிற குரோம், கைபிடி, கண்ணாடிக் கொளுக்கி எல்லாம் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். முதல் கேம்பிரிட்ஜைக் கழற்றிய அன்று நான் அந்தத் தொட்டிக்குள் இறங்கிவிட்டேன். வெல்டிங்காரர் நான் எதையோ தவறவிட்டதாக நினைத்தார். ஐயாவின் கார் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எதையும் தொட்டியில் போடவில்லை, மரப்பெட்டி ஒன்றில் போட்டு என் பெயரை எழுதிவைத்தார். எழுத்துப் பிழையோடுதான். போட்டி முடிந்ததும் பின்பக்கம் சப்பையாகிப் போன காரின் முன்பக்கத்தைத் திறந்து, டிஸ்ரிபியூட்டர் மூடி, டைனமோ பிரஷ், ஒரு தடவை முழு எஸ்.யூ. காபரேற்றர் என்று கழற்றித் தருவார். சூட்டோடு கழற்றினதில் கைகொப்புளித்த அடையாளம் இன்னும் இருக்கிறது. வோல்ஸ்லி, றைலி, எம்.ஜி. மக்னெற் எல்லாவற்றிலும் தேடுவோம். பெயர்தான் வேறு, ஒரே கூடு. இத்தாலியில் பினின் ஃபரினா வரைந்தது.

ஊருக்குப் போகிற யாருடைய பெட்டியிலும் சேலைக்கும் சொக்கிலேற்றுக்கும் நடுவில் ஒரு பொதி இருக்கும். ஐயாவின் நீலக் கடிதம் வரும்: "கைபிடி பொருந்துகிறது. பின் லைற் பொருந்தவில்லை. என்ன விலைக்கு வாங்குகிறாய்? காசை வீணாக்காதே." எங்களுடையது 1960ஆம் ஆண்டு ஏ55 கேம்பிரிட்ஜ், பின்பக்கம் எழும்பி நிற்கிற செட்டை உயரம். நான் அனுப்பியது ஏ60இன் லைற், செட்டையைக் குறைத்த பிறகு வந்தது. எனக்கு அது தெரியவில்லை.

விலையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "பழைய சாமான் கடையில் மலிவு" என்று எழுதினேன். அவர் ஒவ்வொரு காலையும் தேங்காய்ப் பொச்சால் ரயர் கழுவி, விபூதி பூசி, பிறகுதான் சுன்னாகம் சந்தைக்கு எடுப்பார். அந்த ஆளிடம், இங்கே காசு கட்டி ரிக்கற் எடுத்து இதை உடைக்கிறதைப் பார்க்கிறார்கள், உன் மகனும் கூடத்தான் நிற்கிறான் என்று எப்படிச் சொல்வது?

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தக் கார்தான் அம்மாவையும் ஐயாவையும் பக்கத்து வீட்டுக் கிழவியையும் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனது. மண்ணெண்ணெயில். சனத்துக்குள் நடக்கிற வேகம்கூட வரவில்லையாம். உள்ளே வெக்கை என்று ஐயா கதவைத் திறந்து பிடித்தபடியே போயிருக்கிறார். எந்தக் கைபிடியைப் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

மிச்சம்பெடியன்

அண்ணை, கடைசிவரை அவருக்குத் தெரியாதா?

சுன்னாகத்தான்

2003இல் இங்கே வந்து மூன்று மாதம் நின்றார். ஒரு பின்னேரம் பிளவ் லேனைத் தாண்டி நடந்தபோது உள்ளே சத்தம். "என்ன நடக்கிறது?" என்றார். "கார் ஓட்டம்" என்றேன். கொஞ்ச நேரம் நின்று காதைக் கொடுத்தார். "ஒன்றுக்கு மூன்று சிலிண்டர்தான் அடிக்கிறது, பிளக்கைப் பார்க்கச் சொல்லு" என்றுவிட்டு நடந்தார்.

யாழ்மெக்கானிக்

ஐயா, மன்னிக்க வேண்டும், தெரியாமல் எழுதிவிட்டேன். ஒரு கேள்வி. அந்தப் பின் லைற் மாதிரி ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா? என்னிடம் நிற்பது 1964ஆம் ஆண்டு ஏ60.

சுன்னாகத்தான்

ஷெட்டில் ஒரு சோடி கிடக்கிறது. மரப்பெட்டியோடு. இடது கண்ணாடியில் ஒரு வெடிப்பு, பரவாயில்லையா?