அவசரம்: செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல. விடியக்காலை பழனி கிளம்பணும்

கருப்பட்டி: தலைப்புல சொன்னதுதான். சாயங்காலத்துல இருந்து இப்படித்தான். மெக்கானிக் போன் எடுக்கல. தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க ப்ளீஸ்.

நாலுவழிச்சாலை: பேட்டரி. செல்ஃப் சுத்துற மாதிரியே இருக்கும், வோல்ட் இறங்கினதும் ஈசியு (இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர்) படுத்துடும். டெர்மினல்ல வெள்ளையா பூத்திருக்கா பாருங்க.

ஓஎம்ஆர் வாசி: எந்த வண்டி? பெட்ரோலா டீசலா? டேங்க்ல எண்ணெய் இருக்கா? (கோவிச்சுக்காதீங்க, எனக்கே நடந்திருக்கு.)

மூத்த பிஸ்டன்: வண்டி, வருஷம், கடைசியா எதுல கை வெச்சீங்க. இந்த மூணும் இல்லாம கேக்கறதுன்னா ஜோசியர்கிட்ட போகலாம். எத்தனை தடவைதான் எழுதறது.

கருப்பட்டி: பெட்ரோல் கார், 2013. எதுலயும் கை வெக்கல சார், முந்தாநாள் வரை நல்லா ஓடுச்சு. பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன். நடுவுல ரெண்டு தடவை பிடிச்சு, ஒரு செகண்டுல நின்னுருச்சு. மீட்டர்ல சாவி படம் போட்ட சிகப்பு லைட் மின்னிக்கிட்டே இருக்கு, அது எதுக்குன்னு தெரியல.

பூட்டுக்கடை: அதை முதல்ல சொல்லியிருக்கலாமேண்ணே. அது இம்மொபிலைசர் லைட், அதாவது வேற சாவியில வண்டி ஓடாம தடுக்கற திருட்டுப் பூட்டு. சாவியை வண்டி அடையாளம் கண்டா ஆன் பண்ணினதும் எரிஞ்சு அணைஞ்சுடும். மின்னிக்கிட்டே இருந்தா சாவியில இருக்கற சிப்பைப் படிக்க முடியலைன்னு அர்த்தம். செல்ஃப் அடிக்கும், ஆனா ஈசியு பெட்ரோலை விடாது. ஸ்பேர் சாவி போட்டுப் பாத்தீங்களா? வளையத்துல வேற கார் சாவி ஏதும் தொங்குதா?

நாலுவழிச்சாலை: புது பேட்டரியும் டொக்காகும்.

ஓஎம்ஆர் வாசி: ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளிப் பாருங்க.

பூட்டுக்கடை: தள்ளினாலும் எடுக்காது. பெட்ரோலே வராதப்ப தள்ளி என்ன பண்ண?

கருப்பட்டி: ஸ்பேர் சாவி கோயமுத்தூர்ல மச்சான்கிட்ட இருக்கு. இந்தச் சாவியில ரிமோட் பட்டன் அமுக்கினா கதவு திறக்குதே, அப்ப சாவி நல்லாத்தானே இருக்கு? நேத்துதான் சாவியோட கூடு உடைஞ்சதுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கூடு மாத்தினேன்.

மூத்த பிஸ்டன்: "எதுலயும் கை வெக்கல."

பூட்டுக்கடை: அண்ணே, புடிச்சாச்சு. ரிமோட் வேற, சிப் வேற. ரிமோட்டுக்குத்தான் வட்ட பேட்டரி வேணும். சிப்புக்கு பேட்டரியே கிடையாது, சாவி துவாரத்தைச் சுத்தி ஒரு காயில் (கம்பிச் சுருள்) இருக்கும், அதுலதான் உயிர் வாங்கிக்கும். நிறைய வண்டியில இந்த சிப் ரிமோட் போர்டுல ஒட்டியிருக்காது. பழைய கூட்டுக்குள்ள தனிக் குழியில அரிசி மாதிரி கண்ணாடிக் குழாயாவோ, சின்ன கறுப்புத் துண்டாவோ கிடக்கும். கூடு மாத்தறவங்க போர்டை மட்டும் எடுத்து மாட்டிட்டு அதை விட்டுடுவாங்க. சாவி மாத்தினதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?

கருப்பட்டி: இல்ல, சாவியை மட்டும் டூவீலர்ல எடுத்துட்டுப் போனேன். பழைய கூடு வீட்லதான் எங்கயோ கிடக்கும். தேடறேன்.

பூட்டுக்கடை: கிடைச்சா முழுசா பிரிக்க வேண்டாம். பழைய கூட்டைச் சாவித் தலைக்கு ஒட்டிப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. எடுத்துச்சுன்னா சந்தேகமே இல்ல.

ஓஎம்ஆர் வாசி: இந்தத் தலைவலியே வேண்டாம்னு நான் இம்மொபிலைசரை ஆஃப் பண்ணிட்டேன். சாதா சாவிதான். மூணு வருஷமா ஓடுது.

மூத்த பிஸ்டன்: திருடனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி. பிரிட்டன்ல 1998 அக்டோபர்ல இருந்து புதுக் கார்ல இது கட்டாயம், தெரியுமா? அமெரிக்காவுல 2021 வரைக்கும் பல ஹூண்டாய், கியா மாடல்ல இது இல்லாம வித்து, பசங்க யூஎஸ்பி ஒயரை வெச்சே ஓட்டிட்டுப் போனாங்க.

ஓஎம்ஆர் வாசி: என் 2009 வண்டியை எவன் சார் தொடுவான்? நிறுத்திட்டு வந்தா குப்பை வண்டிக்காரரே கேக்கறார், இதை எப்ப எடுக்கணும்னு.

மூத்த பிஸ்டன்: தொட்டான்னா க்ளெய்ம் அன்னிக்கு இன்சூரன்ஸ்காரன் ரெண்டு சாவியும் மேஜை மேல வைக்கச் சொல்லுவான். அப்ப சிரிங்க.

ஓஎம்ஆர் வாசி: மூணாம் நபர் இன்சூரன்ஸ்தான் சார். திருட்டுக்கு க்ளெய்மே கிடையாது.

பூட்டுக்கடை: ரெண்டு பேரும் தனியா பேசிக்கலாமே. கருப்பட்டி அண்ணே, கிடைச்சுதா?

கருப்பட்டி: எடுத்துருச்சு!! பையன் விளையாட்டு டப்பாவுல இருந்துச்சு. கறுப்பா ஒரு துண்டு. கிளம்பறோம், நன்றி.

பூட்டுக்கடை: புதுக் கூட்டுல குழி இல்லைன்னா துளி பசை வெச்சு ஒட்டிடுங்க, வழியில விழுந்துடப் போகுது.

நாலுவழிச்சாலை: அத்தனை தடவை செல்ஃப் அடிச்சிருக்கீங்க. போற வழியில பேட்டரியையும் ஒரு தடவை செக் பண்ணிக்கங்க.