மாநிலக் கண் மருத்துவர் சங்கத் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: ஸ்லிட்லாம்ப்

வணக்கம். தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு கண் ஆஸ்பத்திரி நடத்துகிறேன், வயது 46, எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியில் பி.ஜி. முடித்தவன். மாவட்டக் கிளையில் இரண்டு வருடம் செயலாளராக இருந்தேன், நாலு கூட்டம் போட்டேன், அவ்வளவுதான். இப்போது மாநிலச் சங்கத்தில் இணைச் செயலாளருக்கு நிற்கச் சொல்லி நண்பர்கள் உசுப்பிவிடுகிறார்கள். எனக்கும் ஆசைதான், மறைக்க என்ன இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனிகள் கண்புரை ஆபரேஷனுக்கு வைக்கிற உச்சவரம்பு பற்றிப் பேச எங்களைப் போலச் சிறிய ஊர்க்காரன் ஒருவன் அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் வாரம் இரண்டு நாள் ஆபரேஷன் தியேட்டர், நான் இல்லையென்றால் ஓபியும் காலி. முதலில் நம் ஆஸ்பத்திரிக் கணக்கை முடி, அப்புறம் சங்கத்துக் கணக்கைப் பார் என்கிறார் மனைவி. பெரிய ஆஸ்பத்திரி ஆட்களின் ஆதரவு இல்லாமல் ஜெயிக்க முடியுமா?

பதில்: பழைய பொருளாளர்

தம்பி, ஜெயிப்பது இருக்கட்டும், ஜெயித்த பிறகு என்ன ஆகும் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் மாநாடு முடிந்த ராத்திரி, லென்ஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பில்களைக் கொட்டி என் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் ரயிலேறிவிட்டார்கள். பாதி பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை, பந்தல்காரர் கொடுத்தது கோடு போட்ட நோட்டுத் தாள். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் வீட்டுத் திண்ணையில் போனது. ஓட்டு விஷயத்தில் ஒன்றும் பயப்படாதீர்கள். எழும்பூர் 1819-லிருந்து இருக்கிற இடம், உங்கள் சீனியர் இல்லாத தாலுகா உண்டா? அவர்களுக்கு முதலில் போன் போடுங்கள்.

பதில்: கடலூர் கண்

ஓட்டுப் போடுகிறவளாகச் சொல்கிறேன் சார். தேர்தல் வந்தால் தினமும் இருபது வாட்ஸ்அப், எல்லாம் ‘அன்பு உறுப்பினரே’, எல்லாவற்றிலும் கோட் போட்ட போட்டோ. ஒன்றையும் படிப்பதில்லை. ஒரு தடவை புரை ஆபரேஷனில் லென்ஸின் பின்பக்க உறை கிழிந்த கேஸில் எனக்கு நுகர்வோர் நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. 1995-லேயே உச்ச நீதிமன்றம் டாக்டர்களான நம்மை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது என்பது பரீட்சைக்குப் படித்ததுதான், ஆனால் நோட்டீஸைக் கையில் வாங்கும்போது கை நடுங்குகிறது. அன்று முன்பின் தெரியாத ஒருவர் இரவு பதினொன்றுக்குப் போனில் என் கேஸ் ஷீட்டை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த தேர்தலில் அவர் எந்தப் பதவிக்கு நின்றார் என்றுகூடப் பார்க்கவில்லை, போட்டேன்.

பதில்: சும்மா ஒருவன்

எதற்கு சார் இந்த வேலை? வெங்கடசாமி ஐயா 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் சங்கத் தலைவர் யார்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பதில்: பழைய பொருளாளர்

மேலே உள்ளவருக்கு: தலைவர் பெயர் மறக்கட்டும், அதனால் என்ன? அகில இந்தியக் கண் மருத்துவர் சங்கம் 1930-லிருந்து இருக்கிறது, நீங்கள் படிக்கிற இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆஃப்தால்மாலஜி அவர்கள் நடத்துவதுதான். யாரோ உட்கார்ந்து வேலை பார்த்ததால்தானே அது வருகிறது. ஆனால் தென்காசித் தம்பிக்கு இன்னொன்று, அந்த மேலிடத்து ஆசை இப்போதே வேண்டாம். அங்கே துணைத் தலைவராக ஜெயித்தால் படிப்படியாகத் தலைவர் நாற்காலி தானாக வந்துவிடும், அதனால் போட்டி முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான்.

பதில்: ஸ்லிட்லாம்ப்

எல்லோருக்கும் நன்றி. மேடம் சொன்னது தைத்தது, நோட்டீஸ் வந்தவர்களுக்குப் போன் எடுக்கிற நாலு சீனியர்களைச் சேர்க்கிற வேலையை மாவட்டக் கிளையிலேயே இந்த மாதம் தொடங்குகிறேன், அதற்குப் பதவி வேண்டியதில்லை. மனு போட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பார்க்கலாம். சும்மா ஒருவன் சார், அந்த வருடத் தலைவர் யார் என்று எங்கள் வாத்தியாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.