முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்குத் தயாராகிறவர்களுக்கு: மூவரின் அனுபவப் பகிர்வு

தஞ்சோங் பூங்கா, பினாங்கு

முதல் முறை வருகிறவர்கள் எல்லாரும் சைக்கிளைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: எந்த மாடல், எத்தனை வெள்ளி. ஸ்பிரிண்ட் தூரம் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளில் களைத்தால் மெதுவாக மிதிக்கலாம், ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம். நடுக்கடலில் களைத்தால்? பயிற்சி நேரத்தில் பாதியை நீச்சலுக்கே கொடுங்கள்.

50 மீட்டர் குளத்தில் 15 நீளம் போனால் 750 ஆகிவிடும். ஆனால் கடலில் அடியில் கறுப்புக் கோடு இல்லை. வளைந்து வளைந்து போய் 850, 900 ஆகும். சுவரைப் பிடித்து நிற்காமல் 1,000 மீட்டர் நீந்த வந்த பிறகு பெயர் பதியுங்கள். ஆறு அல்லது எட்டுக் கைவீச்சுக்கு ஒரு தடவை முன்னால் பார்க்க வேண்டும். அப்போது முதலை மாதிரி கண் மட்டும் நீருக்கு மேலே வரட்டும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழும், கால் இழுபடும். பாதையைக் காட்டும் மிதவை அலையில் மறைந்துவிடும் என்பதால் அதற்கு நேர் பின்னால் ஓர் உயர்ந்த கட்டடத்தையோ குன்றையோ கரையிலிருந்தே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதற்றம் வருவது முதல் 100 மீட்டரில்தான். காற்று போதாததால் அல்ல, உள்ளே இழுத்த மூச்சைத் தண்ணீருக்குள் வெளியே விடாததால்தான் திணறுகிறது. முகம் நீரில் இருக்கும்போதே குமிழி விட்டுக்கொண்டிருங்கள். கூட்டத்தை முன்னால் விட்டு, பத்துப் பதினைந்து வினாடி கழித்து ஓரமாக இறங்குங்கள். அப்படியும் திணறினால் மல்லாந்து மிதக்கலாம். காவல் கயாக்கைப் பிடித்து நின்றாலும் தகுதி போகாது, அது உங்களை முன்னால் இழுத்துச் செல்லாத வரை.

பினாங்குக் கடலில் ஜெல்லிமீன் உண்டு, விஷம் மிகுந்த பெட்டி வகையும் உண்டு. கொட்டினால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டுச் செல்களை மேலும் வெடிக்க வைக்கும். வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு மருத்துவக் குழுவிடம் போங்கள். பயிற்சிக்குப் போகும்போதும் பையில் ஒரு பாட்டில் வினிகர் இருக்கட்டும்.

செந்தூல், கோலாலம்பூர்

அக்கா நீச்சலைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. சைக்கிள் பக்கம் நான் சேர்க்கிறேன். வீட்டில் இருக்கிற சைக்கிளே போதும், பிரேக்கும் கியரும் ஒழுங்காக இருந்தால். ஹேண்டில்பார் குழாயின் இரண்டு நுனியிலும் மூடி இருக்கிறதா பாருங்கள். திறந்த குழாய் விழும்போது உடம்பில் குத்திவிடும், அதனால் சோதனையில் தடுத்துவிடுவார்கள். 70 கிலோ எடை உள்ளவருக்கு 25 மில்லிமீட்டர் டயரில் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். ரோடு நனைந்திருந்தால் ஐந்து குறையுங்கள். மழையில் வழுக்குவது தார் அல்ல, அதன் மேல் அடித்த வெள்ளைக் கோடும் சாக்கடை இரும்பு மூடியும்தான். அவற்றின் மேல் வளைக்காதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள்.

கே.எல்.காரர்களுக்கு நீண்ட தூரம் மிதிக்க புத்ராஜெயாவின் அகல ரோடுகள் நல்லது, விடியற்காலையில். மாலையில் இடி கேட்டால் அன்றைய பயிற்சியை விட்டுவிடுங்கள்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் மாற்றுமிடத்தில்தான் புதியவர்கள் அபராதம் வாங்குகிறார்கள். ஹெல்மெட் பட்டியை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ரேக்கிலிருந்து எடுக்க வேண்டும், திரும்பி வந்து மாட்டி வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். ஹெல்மெட்டைப் பட்டி திறந்தபடி ஹேண்டில்பார் மேல் கவிழ்த்து வையுங்கள். நேரம் கணக்கிடும் டைமிங் சிப் இடது கணுக்காலில், ஏனென்றால் சங்கிலி வலப்பக்கம் ஓடுகிறது. போட்டி நம்பரை ரேஸ் பெல்ட்டில் (இடுப்புப் பட்டி) மாட்டினால் சைக்கிளில் முதுகுப் பக்கமும் ஓட்டத்தில் வயிற்றுப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். சைக்கிளை லேசான கியரில் நிறுத்துங்கள். கடலிலிருந்து ஏறும் இடத்தில் நின்று உங்கள் ரேக் எத்தனையாவது வரிசை என்று எண்ணி, ஒரு தடவை நடந்தும் பாருங்கள். ஈரக் கண்ணோடு ஓடி வரும்போது எல்லா வரிசையும் ஒன்றுபோலவே தெரியும்.

பாலிக் பூலாவ், பினாங்கு

தம்பி சொன்ன ரோடு விஷயத்தில் இன்னொன்று: தெலுக் பஹாங்கிலிருந்து இங்கே வரும் மலைப்பாதையில் டுரியான் காலத்தில் கடைகளுக்காகக் கார்கள் திடீரென்று ஓரங்கட்டும். முதல் போட்டிக்குப் பழகுகிறவர்களுக்குச் சுங்கை பினாங்குப் பக்கத்துச் சமதளக் கம்பத்து ரோடே போதும்.

இனி ஓட்டம். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் கட்டை மாதிரி இருக்கும். வாரம் ஒரு நாள் 15 கிலோமீட்டர் மிதித்துவிட்டு உடனே ஷூ மாற்றி 10 நிமிடம் ஓடிப் பழகுங்கள். போட்டியில் கடைசி ஒரு கிலோமீட்டரை லேசான கியரில் வேகமாக மிதித்துக்கொண்டே வந்தால் கால் இளகிவிடும். முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள்.

நம் ஊரில் ஆளைக் கவிழ்ப்பது வெயிலைவிடக் காற்றின் ஈரம். வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருந்தால் உடம்பு குளிராது. தண்ணீர் நிலையத்தில் ஒரு குவளை வாய்க்கு, ஒரு குவளை பிடரிக்கு. கொளுத்தும் வெயிலில் மயிர்க்கூச்செறிந்து குளிரினாலோ, தலை சுற்றினாலோ, அதே இடத்தில் நின்று உதவி கேளுங்கள்.

பானம் வீட்டிலேயே கலக்கலாம்: 750 மில்லி தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. கடையில் வாங்கும் 100 பிளஸ் பானம் என்றால் முதல் நாள் இரவே திறந்து கேஸைப் போக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும். சாப்பாடு மூன்று மணி நேரத்துக்கு முன்: காயா தடவிய ரொட்டி, வாழைப்பழம், அல்லது இரண்டு மூன்று இட்லி. நாசி லெமாக் எல்லாம் போட்டி முடிந்த பிறகு. அதிலுள்ள சந்தான் (தேங்காய்ப்பால்) கொழுப்பு லேசில் செரிக்காது, ஓட்டத்தில் வயிற்றைப் பிரட்டும்.

கடைசியாக, ஏரியில் நடக்கும் போட்டிகளுக்கு: கனமழைக்குப் பிறகு எலிச் சிறுநீர்க் கிருமி நீரில் கலந்திருக்கலாம். ஆறாத காயத்தோடு இறங்காதீர்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஏரியில் நீந்தியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.